இறங்கித் தள்ளு

விடிந்தும் விடியாத நேரம். ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி இன்னும் கலையவில்லை. இளநீலத் தொழிற்சாலைச் சீருடைக்கு மேல் அப்பாவின் பழைய குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, செம்மண் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விளக்கும் எரிகிறது. பெட்ரோல் வேண்டிய மட்டும் இருக்கிறது. எனக்கு ஓட்டவும் தெரியும். ஆனாலும் நான் ஏறவில்லை. மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகிறவள் மாதிரி அதன் பக்கத்திலேயே நடக்கிறேன்.

வலது கைப் பக்கம் பச்சைச் சாயம் அடித்த பலகை வீடு. ஜன்னலில் வெளிச்சம் வருகிறது. திரை விலகுகிறது. உள்ளேயிருந்து கனத்த இருமல் ஒன்று கேட்கிறது.

வண்டி அணைந்துவிடக் கூடாதே என்று நான் கைப்பிடியைத் திருகி எண்ணெயை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் ஈப்போ தொழிற்சாலைக் கதையை எழுதியதும், செமோரிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார். “என்னாக்கா, கப்சாய விட்டுட்டீங்களே! அதச் சொல்லாம மத்ததச் சொல்லி என்னா பண்றது?” சின்ன மோட்டார் சைக்கிளுக்கு எங்கள் நாட்டில் எல்லா இனத்தாரும் வைத்திருக்கும் பெயர் கப்சாய். அவர் சொன்னது சரிதான். ஆனால் கப்சாயைச் சொன்னால் கிராணியைச் சொல்ல வேண்டும். கிராணியைச் சொன்னால் கிராணியம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது.

துரை போனார், சட்டம் போகவில்லை

எங்கள் ரப்பர் தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை நிர்வகித்த காலத்தில், அவர் பங்களாவுக்கு முன்னால் யாரும் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மழை பெய்தாலும் குடையை மடக்க வேண்டும். துரை வீட்டில் இல்லாவிட்டாலும் இறங்க வேண்டும். பங்களா இருக்கிறதே, அது போதும்.

நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது கடைசி வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய்விட்டார். அவருக்குப் பிறகு சிலர் வந்து போனார்கள். நான் சொல்லும் சமயத்தில் இருந்தவர் ஒரு மலாய்க்கார இளைஞர். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தானே மோட்டார் சைக்கிளில் காடு சுற்றுவார். எதிரில் வருகிறவர் கூட்டுகிற பாட்டியாக இருந்தாலும் முதலில் கையசைப்பது அவர்தான். அவருக்கு இப்படி ஒரு சட்டம் இருந்த விவரமே தெரியாது.

ஆனால் சட்டம் இருந்தது. கோபாலன் கிராணி அதைப் பங்களாவிலிருந்து பத்திரமாகப் பெயர்த்தெடுத்துத் தன் வீட்டு வாசலில் நட்டுவிட்டார். தோட்டத்திலிருந்து வெளியே போக இருந்த ஒரே சாலை அவர் வீட்டு வழியாகத்தான் போனது.

கிராணி என்றால் கணக்கப்பிள்ளைதானே என்று பட்டணத்துக்காரர்கள் நினைக்கலாம். தோட்டத்தில் அவர் சொல்வதுதான் வானிலை. சமவெளியில் நல்ல மரத்தில் பால் வெட்டப் போவதா, குன்றுமேல் அட்டைக்கடிக்கு நடுவே ஏறுவதா என்பது அவர் பென்சிலில் இருந்தது. யாருக்கு எந்த லயத்து வரிசையில் வீடு, யார் பிள்ளைக்குப் பள்ளி முடித்ததும் வேலை என்பதும் அப்படியே. எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை முழுக்கால் சட்டை. மலையாளக் குடும்பம். தகப்பனாரும் கிராணியாக இருந்தவர். எங்களிடம் தமிழ், துரையிடம் ஆங்கிலம், கோபம் தலைக்கேறினால் மட்டும் மலையாளம் என்று மூன்று மொழியையும் தனித்தனி டப்பாவில் வைத்திருந்தார்.

என் அப்பா சின்னையா பால்மரம் வெட்டுகிறவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டால் “ஐயா” என்று பதில் சொல்வதோடு அவருடைய அன்றைய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும்.

கப்சாய் வந்தது

எழுபதுகளின் பிற்பகுதி. ஈப்போவில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்த நேரம். தொழிற்சாலை பஸ் பெரிய ரோட்டு முக்கில் நின்று எங்களை ஏற்றிக்கொள்ளும். லயத்திலிருந்து அந்த முக்குக்கு வர, மரங்களுக்குள்ளே வெகுதூரம் நடக்க வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய வேலை போச்சு. அடிக்கடி தவறவிட்டால் வேலையே போச்சு.

அதனால் செமோர் பட்டறைச் சீனரிடம் பழைய கப்சாய் ஒன்றை வாங்கினேன். நல்ல வண்டி. ஒரே ஒரு குணம் மட்டும் கெட்டது. ஓடிக்கொண்டே இருந்தால் ஓடும். அணைத்துவிட்டால் மறுபடி கிளம்ப அதற்கு மனசு வர வேண்டும். உதைத்து உதைத்து எனக்குக் கெண்டைக்கால் கட்டிப்போகும். பக்கத்து வீட்டு லெச்சுமியும் என்னோடு தொழிற்சாலையில்தான் இருந்தாள். அவள் வண்டிக்கு விபூதி பூசிப் பார்த்தாள். அதற்கும் அசையவில்லை.

சட்டம் சைக்கிளுக்குத்தானே, மோட்டாருக்கு இல்லையே என்று நானாக முடிவு செய்துகொண்டு கிராணி வீட்டைத் தாண்டிச் சர்ரென்று போய்வந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் அப்பாவுக்கு ஆள் வந்தது. “மவளையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே வரச் சொல்லும் வழக்கம் இல்லை.

“சின்னையா, உம் மவளுக்குக் காலுல ஏதும் சீக்கா?”

“இல்லீங்க ஐயா. நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் என் வீட்டு முன்னுக்கு எறங்கி நடக்க மாட்டேங்குது?”

அப்பா தரையைப் பார்த்தார். நான் சொன்னேன்: “ஐயா, சைக்கிளத்தானே தள்ளணும்? இது மோட்டருங்க.”

கிராணி என்னைப் பார்க்காமல் அப்பாவிடமே பதில் சொன்னார். “சைக்கிளு, மோட்டரு, நாளைக்கு நீ ஏரோப்பிளேன் வாங்கிட்டு வந்தாலும் என் வீட்டு முன்னுக்கு எறங்கித் தள்ளணும். வெளங்குதா?”

“எஞ்சின் நின்னுட்டா திரும்பக் கெளம்பாதுங்க ஐயா. பஸ்ஸ விட்டுருவேன்.”

“எஞ்சின நிறுத்துன்னு நான் சொன்னேனா? எறங்கித் தள்ளுன்னுதான் சொன்னேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சின்னையா, நீ இருக்கிறது தோட்டத்து வீடு. அது ஞாபகத்துல இருக்கட்டும்.”

திரும்பும் வழியில் அப்பா திரும்பித் திரும்பி ஆபீஸைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அந்தப் பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, சிவப்பு அடையாள அட்டைக்காரர். அதாவது இங்கேயே பல் முளைத்து இங்கேயே பல் விழுந்தாலும் குடியுரிமை இல்லாதவர். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஒரு காலம் வந்தது. பெரியப்பாவுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. தாத்தா பிறந்த, தனக்குத் தெரியாத ஊருக்கு, பெரியம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பினாங்கில் கப்பலேறினார். பெர்மிட் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கம். கிராணிக்கு அதில் கையில்லை. ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பெரியப்பா பெரட்டில் கிராணியை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தார். அந்த ஒரு வார்த்தைதான் அண்ணனைக் கப்பலேற்றியது என்று அப்பா கடைசிவரை நம்பினார்.

வீட்டு வாசலில் வந்துதான் வாயைத் திறந்தார். “தள்ளிட்டுத்தான் போயேன்மா. கையி என்ன தேஞ்சா போயிரும்?”

“தள்ளிட்டே போறேன்பா. அவரு சொன்ன மாதிரியே.”

சொன்ன மாதிரியே

ஏறிப் போனால் கிராணி வீட்டை ஒரு நொடியில் கடந்துவிடலாம். தள்ளிப் போனால் அந்த வேலி முழுவதும் நடக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தக் கூடாது. அது அணைந்துவிடாமலிருக்க எண்ணெயை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் வண்டியின் புகைக்குழாயில் ஒரு ஓட்டை வேறு.

முதல் நாளே ஜன்னலில் விளக்கு எரிந்தது. மறுநாள் இருமல். அதற்கு மறுநாள், “யார்ரா அது!” என்று கர்ஜனை.

“நான்தான் ஐயா, பரமேஸ்வரி. எறங்கித் தள்ளுறேங்க ஐயா!” என்று மரியாதையாகக் குரல் கொடுத்தேன்.

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. சொல்வதற்கு அவரிடம் என்ன இருக்கிறது?

லெச்சுமியும் ஒரு கப்சாய் வாங்கினாள். ஈப்போவில் கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் போய்வந்த இளந்தாரிகள் ஒவ்வொருவராக வாங்கினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் விடியற்காலையில் கிராணி வீட்டு முன்னால் ஒரு சிறு ஊர்வலமே கிளம்பியது. மேளம் மட்டும்தான் இல்லை. அதற்குக் குறை வைக்காமல் ஆளாளுக்கு எண்ணெய் முறுக்கினோம். இரவு வேலை முடிந்து வருகிறவர்களும் அதே மரியாதையைத் தவறாமல் செலுத்தினார்கள்.

ஒருநாள் மலாய்க்காரத் துரை எதிரே வந்து, பிரேக் போட்டு, எங்களை அதிசயமாகப் பார்த்தார். “ரோசாக்கா?” என்றார். வண்டி கெட்டுவிட்டதா என்று அர்த்தம். கெடவில்லை, இது கிராணி வீடு என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆபீஸில் போய்க் கிராணியிடமே கேட்டிருக்கிறார். “அது அவர்களாகவே காட்டுகிற மரியாதை” என்று கிராணி ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னாராம். ஆபீஸ் கூட்டுகிற அக்கா வந்து சொன்னதும் லயமே சிரித்தது.

சட்டத்தை எடுத்துவிட்டால் கிராணி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் எடுத்தால் தோற்றுப் போனவர் ஆவார். அதனால் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு பெரட்டு எடுத்தார். எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அப்பாவைக் குன்றுக்கு மாற்றியிருந்தார். அப்பா அட்டைக்கடியோடு இறங்கி வந்து, காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, என்னை ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அது மட்டும்தான் எனக்கு உறுத்தியது.

வேலிக்கு அந்தப் பக்கம்

ஒருநாள் கேட்டருகில் ஓர் உருவம் நின்றது. போர்த்திய துண்டு, ஈரத் தலைமுடி. கிராணியம்மா.

தேவகி அவர் பெயர். நாற்பதைத் தொடும் வயது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேராக இந்த வீட்டுக்கு வந்தவர். பிள்ளை இல்லை. லயத்துப் பெண்கள் அவர் வீட்டுப் பின்கட்டு வரைக்கும்தான் போகலாம். அவர் லயத்துக்கு வரவே கூடாது. மற்றக் கிராணிமார்களின் மனைவிகள் அடுத்தடுத்த தோட்டங்களில் இருந்தார்கள். ஆக, அத்தனை பேர் வாழ்ந்த தோட்டத்தில் அவருக்குப் பேச ஆளில்லை.

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

“மோளே,” என்றார் மெதுவாக, “அது ஓட்ட ரொம்பக் கஷ்டமா?”

“இல்லீங்கம்மா. தள்ளுறதுதான் கஷ்டம்.”

பட்டென்று சிரித்துவிட்டு, ஜன்னலைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். “கார் ஓட்ட? அதும் இப்படித்தானா?”

அவர் வீட்டில் கார் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரத் துரை போகும்போது கிராணி தலையில் கட்டிவிட்டுப் போன மோரிஸ் மைனர் அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலைந்து ஆட்கள் கொட்டகையிலிருந்து அதை வெயிலுக்குத் தள்ளி வருவார்கள். அப்பாவும் தள்ளியிருக்கிறார். கிராணி கழுவுவார், துடைப்பார், கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு மறுபடி உள்ளே தள்ளுவார்கள். பலமுறை லைசென்ஸ் பரீட்சைக்குப் போய்ப் பலமுறையும் தோற்றவர் அவர் என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வெளியே போக வேண்டுமென்றால் மளிகைக் கடைச் சீனரின் வேன்தான்.

“நான் ஓட்டப் படிக்கணும்,” என்றார் கிராணியம்மா. “என்ன ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போவியா?”

“ஐயாவுக்குத் தெரிஞ்சா எங்க வீட்டக் காலி பண்ண வச்சிருவாரும்மா.”

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வலி எடுத்தப்ப கார் கொட்டகையிலதான் இருந்துச்சு. தோட்டத்து லாரி பால் ஏத்திட்டுப் போயிருச்சு. வேன் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ஆம்பளப் புள்ள.” அழவில்லை. கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னார். “அவரு அதுக்கப்புறமும் ஒருவாட்டி பரீட்சைக்குப் போனாரு. முடியல. நான் போய்ப் பாக்குறேனே.”

“ஞாயித்துக்கிழம வாங்கம்மா,” என்றேன்.

மரம் நவுராது

ஞாயிறு மத்தியானங்களில் கிராணி பக்கத்துத் தோட்டத்து நண்பர்களோடு சீட்டாடப் போவார். அவர்களே காரில் வந்து கூட்டிப் போவார்கள். அந்தக் கார் வளைவைத் தாண்டியதும் கிராணியம்மா குடையோடு வெளியே வருவார். வீட்டு முன்னால் ஏறமாட்டார். நான் தள்ளிக்கொண்டு வர, அவரும் வேலி முடியும் வரை கூடவே நடந்து வந்து ஏறுவார். தன் வீட்டு முன்னாலேயே அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்.

பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் குடை, மறு கை என் தோளில். சாலையில் வந்துபோன லயத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கேட்டால் ஒருத்தரும் பார்க்கவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் கடைசி வீட்டுக்கு யார் தட்டில் எத்தனை துண்டு என்று தெரிந்துவிடும். அந்தத் தோட்டம் இதை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தது. கிராணிக்கு ஒருநாள் ஏதோ சந்தேகம் வந்து, லெச்சுமியின் அம்மாவைக் கேட்டாராம்:

“நேத்து அம்மா எங்கியாச்சும் போனாங்களா?”

“அம்மாவா? பின்னுக்குத் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்களே ஐயா!”

“நேத்து மழை பெஞ்சிச்சுலா!”

“அதான் ஐயா, திரும்ப எடுத்துக்கிட்டு இருந்தாங்க.”

ஈப்போவில் லியோங் என்ற சீனர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். திடலில் அவர் கத்துவது எதிரே தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். “அம்மா, பெலான்-பெலான்லா, மெதுவா! அது மரம்! மரம் நவுராது! நீதான் நவுரணும்!” கடைக்காரர் நானா தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்பார்: “என்னாம்மா, உங்கம்மா கார ஓட்டுறாங்களா, கார் அம்மாவ ஓட்டுதா?”

பரீட்சைக்கு வார நாளில், கிராணி ஆபீஸில் இருக்கும் நேரம் பார்த்து, நான் லீவு போட்டுக் கூட்டிப்போனேன். முதல் தடவை மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது கார் பின்னால் உருண்டுவிட்டது. வெளியே வந்தவர் கடைக்குப் போய் சீவிய ஐஸைக் குவித்துத் தரும் ஐஸ் கச்சாங் ஒன்றை வாங்கி, சிவப்புச் சிரப் வழிய வழிய முழுவதையும் சாப்பிட்டார். “இன்னொரு தேதி வாங்கலாம்,” என்றார்.

இரண்டாம் தடவை தேறிவிட்டார்.

அன்று வரும் வழி முழுக்க என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். மரங்களுக்குள் நுழைந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, நாலடி நடந்து, ரப்பர் மரங்களைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டார். வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் கூச்சல். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து ஏறினார். வண்டி அணைந்து போயிருந்தது. இரண்டு பேரும் மாறி மாறி உதைத்தோம்.

ஏறித் தொலைங்க

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கிராணிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். ஈப்போவில் காலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். போகாதவருக்கு வேலை என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயம்.

சில வாரங்களாக விடாத மழை. விடியற்காலையில் வேன் வரவில்லை. நாங்கள் வழக்கம்போல் ஊர்வலமாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது, கிராணி பெட்டியோடு கேட்டில் நின்று சாலையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் காலுறையில் சேறு.

அப்போது கொட்டகைக் கதவு திறந்தது. கிராணியம்மா காரில் ஏறி ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“எந்தா இது?” என்றார் கிராணி. மலையாள டப்பா தானாகத் திறந்துகொண்டது.

“ஏறுங்க. ரயிலுக்கு நேரமாச்சு.”

“யாரு ஓட்டறது?”

“நான்தான்.”

“உனக்கு எப்படி...” என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார். லெச்சுமியைப் பார்த்தார். அந்நேரம் பெரட்டுக்கு வந்துகொண்டிருந்த எங்கள் அப்பாவைப் பார்த்தார். எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு முழுக்கதையும் விளங்கியிருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

கார் கிளம்பவில்லை. அத்தனை நாள் மழையில் வெளியே எடுக்காமல் பாட்டரி செத்திருந்தது.

“தள்ளணும்,” என்றார் அப்பா. அவருக்குப் பழக்கமான வேலை. நாங்களும் வண்டிகளை ஓடவிட்டபடியே ஓரத்தில் நிறுத்தி, என் வண்டியை லெச்சுமி அணையாமல் முறுக்கிப் பிடித்திருக்க, ஓடினோம். எல்லாரும் சேர்ந்து தள்ள, சேற்றில் வழுக்கி, கேட்டைத் தாண்டி, சாலைக்கு வந்ததும் கிராணியம்மா கிளட்சை விட்டார். கார் ஒரு குலுக்கு குலுக்கி, கறுப்பாய்ப் புகைவிட்டு, உயிர்பெற்றது.

நாங்கள் ஓடிப்போய் அவரவர் வண்டியைப் பிடித்தோம். இன்னும் கிராணி வீட்டு முன்னால்தான் நிற்கிறோம். ஆகவே இறங்கியபடியே தள்ளத் தொடங்கினோம். குறுகலான சாலை, இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் நிறைந்த கால்வாய். எங்களுக்குப் பின்னால் கார் ஆமைபோல் ஊர்ந்தது. கிராணியம்மா ஹாரன் அடித்தார். அதற்காக மரியாதையைக் குறைக்க முடியுமா? நிதானமாகத் தள்ளினோம். காரின் எஞ்சின் இருமியது.

கிராணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “வழி விடுங்க!”

“எடமில்லீங்க ஐயா!”

“அப்ப ஏறி ஓட்டு!”

நான் திரும்பிப் பார்த்தேன். “ஐயா, உங்க வீட்டு முன்னுக்கு எறங்கித்தானே தள்ளணும்?”

“நான்தான் சொல்றேன், ஏறு! எல்லாரும் ஏறுங்க! ஏறித் தொலைங்க!”

ஏறினோம். அத்தனை வண்டியும் ஒன்றாகச் சீறிக்கொண்டு கிளம்பியது. பின்னால் மோரிஸ் மைனர். அன்றைக்குத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் முன்னாலேயே முக்குக்குப் போய்விட்டேன். கார் எங்களைத் தாண்டும்போது கிராணியம்மா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லியோங் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார். கிராணி ஒரு கையால் கதவையும் மறு கையால் பெட்டியையும் பிடித்திருந்தார்.

ரயில் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் தோட்டத்தில் யாரும் இறங்கவில்லை. கிராணி அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த மாதக் கடைசியில் அப்பாவுக்கு மறுபடி சமவெளி மரங்கள் கிடைத்தன.

ஈப்போவில்

தோட்டம் துண்டு துண்டாக விலைபோனது. எண்பதுகளின் நடுவில் ரப்பரை வெட்டிச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை நட்டார்கள்; ஒரு பக்கம் வீடமைப்பு வந்தது. லயத்துக்காரர்கள் வீட்டைக் காலி செய்தோம். அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. கிராணி வீடும் தோட்டத்து வீடுதான். எங்களுக்கு வந்த அதே அறிவிப்பு, அதே கெடு, அவருக்கும் வந்தது. சாமான்களை ஏற்றிய லாரியின் பின்னால் மோரிஸ் மைனர் போனதை லெச்சுமி பார்த்தாளாம்.

நாங்கள் ஈப்போ ஓரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். கிராணியம்மா லியோங்கிடமே வேலைக்குச் சேர்ந்து, பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கும் குரல் லியோங்கைவிடப் பெரியது என்று பேர். கிராணி அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தார். யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வகுப்பு என்று அவர்தான் சொல்வார். லெச்சுமி அங்கேதான் கற்றுக்கொண்டாள். “கிராணி என்ன ‘மிஸ்’னு கூப்பிடறாரு மச்சி,” என்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அப்பாவுக்கு ஈப்போ பிடிபட வெகுகாலம் ஆனது. சைக்கிளில் பாசார் வரைக்கும் போய்வருவார், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே பேச ஆரம்பித்தார். அது அபூர்வம்.

“இன்னிக்குக் கிராணியப் பாத்தேன். காப்பிக் கடையில உக்காந்திருந்தாரு.”

“என்னப்பா சொன்னாரு?”

“என்னப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு. ‘வாங்க சின்னையா, உக்காருங்க’ன்னாரு.”

“உக்காந்தீங்களா?”

“உக்காந்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தாரு. முட்டி வலின்னாரு. எனக்கும் அப்படித்தான்னேன்.”

அப்பா சோற்றைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஆனா மொதல்ல அவரு ‘வாங்க’ன்னதும், நான் திரும்பிப் பாத்தேன்மா. எனக்குப் பின்னுக்கு யாரு வர்றாங்கன்னு.”